பழைய டிவியைத் திறக்கும் முன்: ஸ்க்ரூடிரைவரா, ரெசிஸ்டர் வயரா, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரா?

பழைய டிவியைச் சரிசெய்ய நினைக்கும் எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பிக்சர் டியூப்பில் நிற்கும் கரண்டை எப்படி இறக்குவது? ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதுமா, ரெசிஸ்டர் வைத்த வயர் வேண்டுமா, இரண்டு நாள் சும்மா போட்டு வைத்தால் தானாக இறங்கிவிடுமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையில் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் வேலை பழகிய கடையில் ஒரு மூத்த மெக்கானிக் அண்ணன் இருந்தார். ஒருநாள் 21 இஞ்ச் கலர் செட் ஒன்றின் ஆனோட் கேப்பை, அதாவது டியூப்புக்கு உயர் வோல்ட்டேஜ் போகும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூடியை, கழற்ற நான் அரைமணி நேரம் தயங்கினேன். ஒருவழியாக அதை டிஸ்சார்ஜ் செய்து கழற்றியதும் பயமெல்லாம் போய்விட்டது. போர்டை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினேன். விரல் பட்டது பவர் சப்ளையில் சார்ஜைச் சேர்த்து வைக்கும் மெயின் ஃபில்டர் கண்டன்சரின் கால்களில். கை உதறியதில் போர்டு பறந்துபோய் டியூப்பின் கழுத்தில் இடித்தது. கழுத்து உடையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். அண்ணன் திட்டவில்லை. "இருபத்தஞ்சாயிரத்துக்குப் பயப்படுற, முந்நூறுக்குப் பயப்பட மாட்டேங்குறியே தம்பி" என்று மட்டும் சொன்னார். எந்த முறை நல்லது, எந்தக் கருவிக்குக் காசு செலவழிக்கலாம் என்று யார் கேட்டாலும் அந்த வார்த்தையிலிருந்துதான் நான் கணக்குப் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கு இதுதான். பிக்சர் டியூப்பின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருக்கிறது. இரண்டு பூச்சுக்கும் நடுவே கண்ணாடி. அதாவது டியூப்பே ஒரு கண்டன்சர். அதன் அளவு சிறியது, 500 முதல் 2000 பைக்கோஃபாரட் வரை இருக்கும். 21 இஞ்ச் கலர் டியூப்பில் சுமார் 25,000 வோல்ட் ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் நிற்கும் ஆற்றல் அரை ஜூல் அளவுதான். இப்போது பவர் சப்ளை பக்கம் வாருங்கள். வீட்டு 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. அதைத் தாங்கி நிற்பது 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கண்டன்சர். அதில் நிற்பது 11 ஜூலுக்கும் மேல். வோல்ட் எண்பது மடங்கு குறைவு, ஆற்றலோ இருபது மடங்கு அதிகம்.

அதற்காக டியூப் ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. டியூப்பின் அடி பெரும்பாலும் கையை உதற வைக்கும், அந்த உதறலில்தான் விபத்து நடக்கும். கையில் இருக்கும் டியூப் கீழே விழும், முழங்கை சேசிஸின் கூர்முனையில் மோதும், கழுத்துக் கண்ணாடி உடையும். இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த ஒரு அடியே பெரிய விஷயம். கண்டன்சரும், பிளக்கில் மாட்டிய நிலையில் இருக்கும் ஹாட் கிரவுண்டும் (மெயின் கரண்டோடு நேராகத் தொடர்புள்ள பவர் சப்ளையின் கிரவுண்ட்) அப்படியல்ல. அவை நேராகவே உயிரை எடுக்கக் கூடியவை. இரண்டும் இரண்டு விதமான ஆபத்து, ஒரே கருவியால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

டியூப்பை இறக்கும் நான்கு வழிகள்

சும்மா காத்திருப்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை நம்புகிறவர்கள் நிறைய. பல கலர் செட்களில் டியூப்புக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் எல்ஓடிக்குள்ளேயே (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) ஃபோகஸ், ஸ்க்ரீன் வோல்ட்டேஜுக்காக ஒரு ரெசிஸ்டர் வரிசை இருக்கும். அது வழியாக டியூப்பின் சார்ஜ் மெதுவாக இறங்கும். அந்த வரிசை திறந்துபோன, அதாவது உள்ளே அறுந்துபோன, எல்ஓடியில் இறங்காது. பழைய பிளாக் அண்ட் ஒயிட் செட்களில் பெரும்பாலும் அப்படி ஒரு வழியே கிடையாது. நல்ல கண்ணாடி, உலர்ந்த காற்று இருந்தால் நாள்கணக்கில் சார்ஜ் நிற்கும். இறங்கியதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காத்திருப்பதை நான் ஒரு முறையாகவே சேர்ப்பதில்லை. மற்ற முறைகளைத் தொடங்கும் முன் செட்டைச் சற்று ஓய விடலாம், அவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவர் முறை எல்லோருக்கும் தெரியும். ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை எர்த்தில் மாட்டி, ரப்பர் கேப்புக்கு அடியில் நுழைத்தால் 'டப்' என்று ஒரு சத்தம். நம்மூர் கடைகளில் பல வருடம் இதுதான் வழக்கம், நானும் செய்திருக்கிறேன். வேலை நடக்கும். ஆனால் 25,000 வோல்ட்டும் நொடியின் கோடியில் சில பங்கு நேரத்தில் கொட்டும்போது, அந்த நொடியில் ஓடும் கரண்ட் மிகப் பெரியது. வயரின் மறுமுனையைத் தவறான இடத்தில் மாட்டியிருந்தால், அதாவது டியூனரின் தகரத்திலோ போர்டின் ஏதோ ஒரு கிரவுண்டிலோ மாட்டியிருந்தால், அந்த அதிர்ச்சி ஐசிகள் வழியாகத்தான் போகும். வேறு கோளாறுக்காக வந்த செட், டிஸ்சார்ஜ் செய்ததாலேயே மெமரி ஐசி போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முனை கூரான ஸ்க்ரூடிரைவர் ஆனோட் குழியைச் சுற்றி கண்ணாடியில் கீறலும் போடும். வெற்றிடக் கண்ணாடியில் கீறல் நல்லதல்ல. இன்னொன்று, கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடி 25,000 வோல்ட்டுக்கு என்று செய்யப்பட்டதில்லை. அழுக்கும் வியர்வையும் படிந்த பிடி என்றால் இன்னும் மோசம்.

எனவே என் தேர்வு ரெசிஸ்டர் வயர். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கையால் செய்துகொள்ளலாம், தப்பாகவும் செய்துவிடலாம்.

வேண்டியது மொத்தம் 10 மெகாஓம் அளவு. 2 நானோஃபாரட் டியூப்போடு சேர்த்துக் கணக்கிட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சார்ஜ் இறங்கிவிடும். நமக்கு அது உடனடி. போர்டுக்கு அது மென்மையான இறக்கம். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் கரண்ட் அதற்கு வெளியே காற்றில் தாவிப் போய்விடும், அந்த ரெசிஸ்டர் சில நூறு வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது. உயர் வோல்ட்டுக்கென்றே வரும் ரெசிஸ்டர் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் 1 மெகாஓம், 2 வாட் ரெசிஸ்டர் பத்தை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் பற்றவைத்து, ஒயரிங்குக்குப் பயன்படும் நீளமான பிவிசி பைப்புக்குள் நுழைத்துவிடுங்கள். மடித்து அடைக்கக் கூடாது. மடித்தால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஸ்பார்க் தாவும். பைப்பின் ஒரு முனையில் மழுங்கலான, தட்டையான உலோக முனை. மறுமுனையிலிருந்து வயரும் க்ரோக்கடைல் கிளிப்பும். வயருக்கு, செத்துப்போன எல்ஓடியின் தடித்த சிவப்பு வயரை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அது இந்த வோல்ட்டேஜுக்கென்றே செய்யப்பட்டது.

பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் 10 மெகாஓம் காட்டுகிறதா என்று பாருங்கள். இந்த முறையின் ஒரே பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே ஒரு ரெசிஸ்டர் திறந்துபோனால் கருவி பார்க்க ஒழுங்காகவே இருக்கும், டியூப் மட்டும் இறங்கியிருக்காது. ஸ்க்ரூடிரைவரில் இந்தச் சந்தேகம் இல்லை, சத்தம் கேட்டால் இறங்கியது என்று அர்த்தம்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ரிமோட்டில் அணைத்தது கணக்கில் சேராது. டியூப்பின் முதுகில் குறுக்கே ஓடும் பின்னல் கம்பி, கரிப்பூச்சைத் தொட்டுக்கொண்டு ஸ்ப்ரிங்கில் இழுத்துக் கட்டியிருக்குமே, கிளிப்பை முதலில் அதில்தான் மாட்ட வேண்டும். வேறெங்கும் வேண்டாம். மாட்டியபின் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள், பாதியில் கழன்றால் கரண்டுக்கு மிச்சமிருக்கும் வழி உங்கள் கைதான். அதன்பின் ஒரு கையால் பைப்பைப் பிடித்து, முனையை ரப்பர் கேப்பின் ஓரத்தில் நுழைத்து, உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடும்வரை தள்ளி, சில நொடி அப்படியே வைத்திருங்கள். இன்னொரு கை பேண்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். கண்ணாடி உறிஞ்சி வைத்திருந்த சார்ஜ் மெல்ல மேலே வரும், முதல் முறை முழுதாக இறங்கிய டியூப்பும் இரண்டாம் முறை ஒரு சிறு அடி கொடுக்கும். கடைசியாக, வயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவேன். சத்தம் வராமல் இருந்தால்தான் கேப்பைக் கழற்றுவது. ஸ்க்ரூடிரைவரை இறக்கப் பயன்படுத்தாமல் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அதற்கு அது நல்ல கருவி.

நான்காவது வழி ஹை வோல்ட்டேஜ் ப்ரோப். மல்டிமீட்டரோடு சேர்த்துப் பயன்படுத்துவது, 40,000 வோல்ட் வரை அளக்கும் நீளமான கம்பு. உள்ளே 1000 மெகாஓம் அளவு ரெசிஸ்டர் இருப்பதால் அதைத் தொட்டு வைத்தாலே டியூப் பத்துப் பதினைந்து நொடியில் இறங்கும், மீட்டரில் வோல்ட் குறைவதைக் கண்ணாலும் பார்க்கலாம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணில் சொல்வது இந்த ஒன்றுதான். செட் ஓடும்போது ஈஎச்டி, அதாவது டியூப்புக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ், அளவு சரியா என்றும் பார்க்கலாம். பவர் சப்ளை கெட்டு ஈஎச்டி அளவுக்கு மேல் ஏறினால் டியூப்பிலிருந்து எக்ஸ்ரே கதிர் வரும் அபாயம் இருப்பதால் அந்த அளவு முக்கியம். வருடத்துக்கு ஒன்றிரண்டு செட் திறப்பவர் இதற்குக் காசு போட வேண்டாம். மாதத்துக்குப் பத்து செட் பார்ப்பவர், பழைய வீடியோ கேமுக்காகவோ சேகரிப்புக்காகவோ டியூப் செட்களைத் தொடர்ந்து வாங்குபவர் வாங்கலாம். வாங்கினால் கிரவுண்ட் வயரை முதலில் மாட்டும் பழக்கம் அதற்கும் உண்டு.

செத்த செட்தான் அதிகம் கடிக்கும்

மெயின் கண்டன்சருக்கு வருவோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தால் பவர் சப்ளை தன் கடைசி மூச்சில் கண்டன்சரில் இருப்பதில் பெரும்பகுதியை இழுத்துக் குடித்துவிட்டுத்தான் நிற்கும். ஆனால் கடைக்கு வருவது ஓடாத செட். ஸ்டார்ட் ஆகாத பவர் சப்ளை எதையும் இழுக்காது. 325 வோல்ட்டும் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் என்பது போர்டைப் பொறுத்தது, சிலவற்றில் மணிக்கணக்கில். ஒன்றுமே வேலை செய்யாத டெட் செட்டில் போய் என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பவர்தான் இதில் மாட்டுவார். நானும் அன்று அப்படித்தான் மாட்டினேன்.

இங்கே ஸ்க்ரூடிரைவரை நான் அறவே வேண்டாம் என்பேன். டியூப்பில் 'டப்' என்று கேட்டது இங்கே பட்டாசு மாதிரி வெடிக்கும். முனை உருகும், போர்டின் செம்புக் கோடு பெயர்ந்து வரும், உருகிய துளி கண்ணுக்குப் பறக்கும். இரண்டு நல்ல மாற்று இருக்கிறது. ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரைக் கண்டன்சரின் இரண்டு காலிலும் வைத்தால் ஒரு கணம் மின்னி அணையும். மின்னியதைப் பார்க்கலாம் என்பது இதன் அழகு. ஆனால் சார்ஜ் குறைவாக இருந்தால் பல்ப் மின்னவே மின்னாது, அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவெடுக்கக் கூடாது. மற்றது 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் போட்ட ப்ரோப் வைத்துக்கொண்டால் மூன்று நொடியில் வேலை முடியும். பையில் வைத்துக்கொள்ள எளிது, உடையாது. நான் ரெசிஸ்டரையே வைத்திருக்கிறேன். எதை வைத்து இறக்கினாலும் பிறகு மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்தபின்தான் போர்டைத் தொடுவது. இந்தக் கண்டன்சரைப் பொறுத்தவரை மீட்டர் சொல்வதுதான் முடிவு.

கரண்ட் இருக்கும்போது

கரண்டை எடுத்துவிட்டுச் செய்யும் வேலையைப் பார்த்தோம். பாதிக் கோளாறுகளுக்குச் செட்டை ஓட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இங்கேதான் நம் மெக்கானிக்குகள் மத்தியில் குழப்பம் அதிகம். சீரீஸ் லேம்ப், வேரியாக், ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், கரண்ட் பூமிக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாவற்றையும் 'சேஃப்டி' என்ற ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறோம். அவை காப்பாற்றுவது வேறு வேறு பொருளை.

சீரீஸ் லேம்ப், அதாவது செட்டுக்குக் கரண்ட் போகும் வழியில் கோர்க்கும் குண்டு பல்ப், காப்பாற்றுவது செட்டை. உள்ளே ஷார்ட் இருந்தால் 100 வாட் பல்ப் பிரகாசமாக எரிந்து சுமையைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர் பிழைக்கும். முதலில் மின்னி, பிறகு மங்கினால் நல்ல அறிகுறி. அருமையான கருவி, அது இல்லாமல் நான் ரிப்பேர் செய்த செட்டுக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. ஆனால் அந்த பல்ப் வழியாக 400 மில்லியாம்பியர் தாராளமாகப் போகும். மனித உடம்புக்கான ஆர்சிசிபி 30 மில்லியாம்பியரில் துண்டிக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், சீரீஸ் லேம்ப் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் கையை உள்ளே விடமாட்டார்கள்.

வேரியாக் வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதன் உள்வரும் பக்கமும் வெளிச்செல்லும் பக்கமும் ஒரே சுருள். வீட்டு ஸ்டெபிலைசரும் பெரும்பாலும் அப்படித்தான். "ஸ்டெபிலைசர் வழியாகத்தானே கொடுத்திருக்கேன்" என்று தைரியமாகக் கை வைத்தவர்களை நான் அறிவேன். பேஸ் கம்பி அதைத் தாண்டி அப்படியே வந்து நிற்கிறது.

பிரிட்ஜ் ரெக்டிஃபையர் உள்ள செட்டில் பவர் சப்ளையின் ஹாட் கிரவுண்ட் எப்போதும் லைவ், பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும். டெஸ்டரை வைத்தால் எரியும். அதற்கும் முந்தைய சில பிளாக் அண்ட் ஒயிட் செட்களில் முழு சேசிஸுமே மெயின் கம்பி ஒன்றோடு நேராக இணைந்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிப் போட்டால் தகரம் முழுவதும் பேஸ் வந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேரான பதில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். 230-க்கு 230, இரண்டு தனித்தனிச் சுருள். வெளிப்பக்கத்துக்கும் பூமிக்கும் தொடர்பே இல்லாததால் ஒரு கையால் ஹாட் கிரவுண்டைத் தொட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழி கிடையாது. 21 இஞ்ச் செட்டுக்கு 300 விஏ போதும். புதிதாக வாங்க முடியாதவர்கள் 230-க்கு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரே மாதிரி இரண்டை வாங்கி, 24 வோல்ட் பக்கங்களைச் சேர்த்துக் கட்டி ஓட்டுவதுண்டு. வெளிவரும் வோல்ட் கொஞ்சம் குறையும், வேலைக்குப் போதுமானது. இரண்டுமே செட்டின் சுமையைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும்.

அதற்கும் எல்லை உண்டு. இரண்டு கையால் இரண்டு முனையைத் தொட்டால் அது காப்பாற்றாது. கண்டன்சரின் அடியிலிருந்தும் ஈஎச்டியிலிருந்தும் காப்பாற்றாது. ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை ஹாட் கிரவுண்டில் மாட்டிய நொடியில் அந்தப் பக்கம் பூமியோடு சேர்ந்துவிடும், பிரித்து வைத்ததன் பயன் போய்விடும். ஸ்கோப் பிழைக்கும், நீங்கள் மறுபடியும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே நேரத்தில் ஒரு செட்தான்.

ஆர்சிசிபி வீட்டுக்கும் கடைக்கும் கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் ஐசோலேஷனுக்குப் பின்னால் நடக்கும் எதையும் அதனால் பார்க்க முடியாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஆள் மாட்டினாலும் அதற்குத் தெரியாது, அது இன்னொரு பல்ப் என்றே நினைத்துக்கொள்ளும். மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன், ஃபேன், விளக்கு இவற்றுக்கு அது காவல். திறந்த செட்டுக்கு ஐசோலேஷன்.

ஓடும் செட்டில் ஒரு இடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்ஓடியை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நொடிக்கு 15,625 முறை ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் துடிப்பு வருகிறது. சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைக்காதீர்கள். மீட்டர் போய்விடும், தோலில் பட்டால் தீக்காயம் மாதிரி ஆழமாகச் சுடும். அந்தப் பகுதிக்கு வரும் டிசி சப்ளையான பி பிளஸ் வோல்ட்டேஜை அதற்கு முந்தைய கண்டன்சரில் அளந்தாலே வேண்டிய தகவல் கிடைத்துவிடும்.

யாருக்கு எது

2006-இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த 14 இஞ்ச் செட்களில் சில இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்று வீட்டில் இருக்கிறது, ஒரே ஒரு முறை திறக்க வேண்டும் என்றால் ரெசிஸ்டர் வயர், 2.2 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு நல்ல மல்டிமீட்டர் இந்த மூன்றும் போதும். கரண்ட் இல்லாமல் செய்யக் கூடிய வேலையை மட்டும் செய்யுங்கள். வெடித்த கண்டன்சரை மாற்றுவது, விரிந்த சால்டரைத் திரும்பப் பற்றவைப்பது, தூசி துடைப்பது. கடலோர ஊர் என்றால் ஆனோட் கேப்பைச் சுற்றிப் படிந்த உப்பும் தூசியும்தான் செட் ஓடும்போது அங்கே வரும் 'ஸ்ஸ்' சத்தத்துக்கும் ஊதா நிற ஒளிக்கும் காரணமாக இருக்கலாம், துடைத்து நன்றாக உலர விட்டாலே சரியாகலாம். அதற்கு மேல் போனால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கற்றுக்கொள்ள ஆரம்பித்தவருக்கு என் சிபாரிசு கொஞ்சம் பிடிவாதமானது. ஸ்கோப்புக்கும் ப்ரோப்புக்கும் முன்னால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதன்பின் சீரீஸ் லேம்ப், அது பலகையில் இரண்டு ஹோல்டர்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் லேம்ப், லேம்ப்புக்குப் பின்னால் செட் என்ற வரிசையில் கட்டுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. சுருள் கம்பி உள்ள 60, 100 வாட் குண்டு பல்ப் கண்ணில் படும்போதெல்லாம் இரண்டு வாங்கி வையுங்கள், கடைகளில் அது குறைந்துகொண்டே வருகிறது. மேசைக்கு அடியில் ரப்பர் மேட், காலில் செருப்பு, கையில் மோதிரமோ உலோக வாட்ச்சோ வேண்டாம். வீட்டில் யாராவது கூப்பிடும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் செட்டுக்குக் கரண்ட் கொடுங்கள், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டி வையுங்கள்.

முழு சேசிஸும் லைவாக இருக்கும் பழைய பிளாக் அண்ட் ஒயிட் செட்டை ஐசோலேஷன் இல்லாமல் நான் ஓட்டிப் பார்ப்பதில்லை, எவ்வளவு தெரிந்தவர் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி. அப்புறம், கழற்றி மூலையில் வைக்கும் டியூப்பின் ஆனோட் குழியிலிருந்து பின்னல் கம்பிக்கு ஒரு வயரை மாட்டியே வையுங்கள். அடுத்த வாரம் அதைத் தூக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.